‘ஹெக்சன்’ படத்தை எந்த வட்டில் பார்ப்பது?

அமெரிக்காவிலிருந்து வரவழைத்த ப்ளூ-ரே வட்டைப் பிளேயரில் இட்டதும், இந்த மண்டலத்தில் இந்த வட்டு ஓடாது என்று ஒரே ஒரு வரி திரையில் வந்து நின்றது. ப்ளூ-ரே வட்டுகளுக்காக உலகத்தை மூன்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்கா ‘ஏ’ மண்டலத்திலும், ஐரோப்பா ‘பி’ மண்டலத்திலும், இந்தியா ‘சி’ மண்டலத்திலும் இருக்கின்றன. எல்லா மண்டலங்களிலும் ஓடும் என்று விற்றவர் தம் விளம்பரத்தில் எழுதியிருந்தார். ஓடவில்லையே என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. கடைசியில், மண்டலப் பூட்டு நீக்கிய பிளேயர் ஒன்றை நண்பர் ஒருவர் ஒரு வாரத்துக்கு இரவல் கொடுத்தார். திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடி இருந்ததால்தானோ என்னவோ, பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கும் டிவிடியையும் இந்தப் புதிய ப்ளூ-ரேயையும் மாற்றி மாற்றிப் போட்டு, காட்சி காட்சியாக ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை எனக்கு வாய்த்தது.

படம் ‘ஹெக்சன்’. சுவீடிய மொழியில் இந்தச் சொல்லுக்கு ‘அந்தச் சூனியக்காரி’ என்று பொருள். டென்மார்க்கைச் சேர்ந்த பெஞ்சமின் கிறிஸ்டென்சன், சுவென்ஸ்க் ஃபில்மிண்டஸ்ட்ரி என்ற சுவீடிய நிறுவனத்தின் பணத்தில் எடுத்த இந்த மௌனப் படம், 1922 செப்டம்பர் 18 அன்று சுவீடனில் வெளியானது. பெர்லினில் ஒரு புத்தகக் கடையில், சூனியக்காரிகளைக் கண்டுபிடித்து விசாரிக்கும் முறைகளைத் தொகுத்துச் சொல்லும் பதினைந்தாம் நூற்றாண்டு நூலாகிய ‘மாலியஸ் மாலிஃபிகாரம்’ கிறிஸ்டென்சனின் கையில் அகப்பட்டது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் அவர் விசாரணைக் கையேடுகளையும் மரச்செதுக்குப் படங்களையும் சேர்த்துப் படித்துவிட்டுத்தான் 1921-இல் கோபன்ஹேகனை அடுத்த ஹெலரப் ஸ்டூடியோவில் படப்பிடிப்பைத் தொடங்கினார். ஏழு அத்தியாயங்களாக அமைந்த படத்தின் முதல் அத்தியாயம் முழுக்க ஒரு வகுப்பறைப் பாடம்போல நடக்கும். நடுவில் கதை வரும். கடைசியில் 1921-ஆம் ஆண்டின் மனநோய் மருத்துவத்துக்கு வந்து முடியும். சாத்தானாக நடித்தவரும் கிறிஸ்டென்சனேதான். இதை ஆவணப்படம் என்பதா, திகில் படம் என்பதா என்ற வழக்கில் நான் நுழையப்போவதில்லை. இரவு பதினொரு மணிக்கு மேல் தனியாக உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் எழாது.

என்னிடம் இருப்பவை இரண்டும், பழைய படங்களை வட்டில் கொண்டுவரும் அமெரிக்க நிறுவனமான கிரைட்டீரியனின் வெளியீடுகள்: ஒன்று 2001-இல் வந்த டிவிடி, மற்றொன்று 2019-இல் வந்த ப்ளூ-ரே. இரண்டிலும் கூடுதலாக, 1968-இல் சுருக்கி வெளியிடப்பட்ட வடிவமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. எனவே வட்டுகள் இரண்டு என்றாலும், நான் ஒப்பிட நேர்ந்த படங்கள் மூன்று. இவற்றில் எது துல்லியமானது என்ற கேள்விக்குக் கால் மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும். மௌனப் படத்தைப் பொறுத்தவரை அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை வேறு இருக்கின்றன: என்ன வேகத்தில் ஓட்டுவது, என்ன நிறத்தில் காட்டுவது, எந்த இசையைச் சேர்ப்பது, படத்துக்குள்ளிருந்து பேசுவது யாருடைய குரலாக இருப்பது. வட்டு வெளியிடுகிறவர் இவற்றையெல்லாம் நமக்காக முன்கூட்டியே முடிவு செய்துவிட்டிருப்பார். அதனால் அவர் என்ன முடிவு செய்திருக்கிறார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

வேகத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இணையத்தில் இந்தப் படத்தின் நீளத்தைத் தேடினால் ஒரே படத்துக்கு 76, 87, 105 நிமிடங்கள் என்று பல எண்கள் வந்து குழப்பும். பேசும் படம் வந்தபின் வினாடிக்கு 24 பிரேம், அதாவது பிலிமில் அடுத்தடுத்து வரும் 24 தனிப்படங்கள், என்பது உலகெங்கும் நிலைபெற்றுவிட்டது. அதற்கு முன் கேமராவைக் கையால் சுழற்றினார்கள், ஆகவே வேகம் படத்துக்குப் படம், சில சமயம் காட்சிக்குக் காட்சி மாறியது. ‘ஹெக்சன்’ படத்துக்குப் பொதுவாக வினாடிக்கு 20 பிரேம் என்ற வேகத்தை வைக்கிறார்கள். அந்த வேகத்தில் 105 நிமிடம் ஓடும் படத்தில் 1,26,000 பிரேம்கள் இருக்க வேண்டும். அதே 1,26,000 பிரேம்களை வினாடிக்கு 24 என்று ஓட்டினால் 87 நிமிடம் 30 வினாடியில் படம் முடிந்துவிடும். 18 என்று ஓட்டினால் ஏறக்குறைய 117 நிமிடம் ஆகும். ஒரு காட்சியைக்கூட வெட்டாமலேயே அரை மணி நேரம் கூடவும் குறையவும் செய்யலாம் என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. வட்டின் உறையில் நீளம் குறைவாக இருந்தால் உடனே ‘வெட்டப்பட்ட பிரதி’ என்று முடிவு கட்டுவது எவ்வளவு தவறு என்பதும் அப்போதுதான் விளங்கியது.

இந்த வேகம் படத்தை என்ன செய்கிறது என்பதற்கு ஒரே ஒரு காட்சி போதும். துறவி ஒருவர் மேசையில் விரித்த நூலின் முன் அமர்ந்திருப்பார். அந்த மேசைக்குப் பின்னாலிருந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், சாத்தான் மார்பளவுக்கு எழும்பி நாக்கைச் சுழற்றுவான். சரியான வேகத்தில் அந்த நாக்கு நிதானமாக, ஆபாசமாக அசையும். நமக்கு அருவருப்பு முதலில் வந்து, பிறகுதான் பயம் வரும். வினாடிக்கு 24 என்று ஓடும் பிரதியில் அதே நாக்கு படபடவென்று துடிக்க, சாத்தான் கோமாளியாகிவிடுகிறான். மடத்துக்குள் துறவிகள் நடப்பதும், சூனியக்காரி என்று பிடித்த ஒரு கிழவியை இழுத்துக்கொண்டு போவதும் அப்படித்தான்: வேகம் தப்பினால் எல்லாரும் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர்கள் போலத் தெரிவார்கள். பழைய ஊமைப்படம் என்றாலே ஆட்கள் விறுவிறுவென்று நடப்பார்கள் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருப்பது, தவறான வேகத்தில் ஓட்டியவர்கள் நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம்.

டிவிடியும் சரி, ப்ளூ-ரேயும் சரி, இயல்பான வேகத்தைத்தான் தருகின்றன. ஆனால் வினாடிக்கு 20 பிரேம் உள்ள ஒரு படத்தை வட்டில் வைப்பதற்கு ஒரு தந்திரம் தேவைப்படுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சி முறையில் வினாடிக்கு 60 அரைக்கட்டங்கள், அதாவது ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதிக் கோடுகளை மட்டும் காட்டும் படங்கள், இருப்பதால், பிரேமுக்கு மூன்று என்று பகிர்ந்தால் மீதமில்லாமல் அடங்கிவிடும். ப்ளூ-ரேயின் 24 பிரேம் முறையில் அவ்வளவு சுளுவாக அடங்காது. ஒவ்வொரு ஐந்து பிரேம்களிலும் ஏதாவது ஒன்றை இரண்டு முறை காட்டியாக வேண்டும். கேமரா அசையாமல் நிற்கும் படம் என்பதால் பெரும்பாலும் இது கண்ணில் படாது. சூனியக்காரிகள் துடைப்பத்தில் ஏறி இரவில் நகரத்தின் கூரைகளுக்கு மேல் பறந்து போகும் காட்சியில் மட்டும், மாதிரி நகரத்தின் மேல் தனியே எடுத்த உருவங்களை ஏற்றிச் செய்த அந்த அற்புதமான வேலையில், ஓட்டம் மிக மெலிதாகத் தத்துவதுபோல எனக்குப் பட்டது. அது வட்டின் குறையா, என் கண்ணின் குறையா, இரவல் பிளேயரின் குறையா என்று இரண்டு இரவுகள் யோசித்துவிட்டு விட்டுவிட்டேன்.

துல்லியம் என்று வரும்போது எண்களே பேசிவிடும். டிவிடியில் 720-க்கு 480, அதாவது மூன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைந்த புள்ளிகள். ப்ளூ-ரேயில் சதுரத்தை நெருங்கிய இந்த வகைச் சட்டகத்துக்கு 1440-க்கு 1080, அதாவது பதினைந்தரை லட்சம் புள்ளிகள். நான்கரை மடங்கு. புள்ளிகள் கூடியது மட்டும் இதற்குக் காரணமில்லை. ப்ளூ-ரேக்கு அடிப்படையாக இருப்பது சுவீடிய திரைப்படக் கழகம் 2016-இல் செய்து முடித்த டிஜிட்டல் மறுசீரமைப்பு.

இதன் பலனை மிகத் தெளிவாகக் காட்டுவது கதைப்பகுதி அன்று; முதல் அத்தியாயத்தின் பாடப்பகுதிதான். அங்கே கிறிஸ்டென்சன் பழைய மரச்செதுக்குப் படங்களைத் திரை முழுக்கக் காட்டி, ஒரு குச்சியால் ஒவ்வொரு விவரமாகத் தொட்டுச் சொல்லிக்கொண்டே போவார்: இது சாத்தான், இது அவனுக்கு முத்தமிடும் பெண், இது கொப்பரை. மரச்செதுக்கு என்பது நெருக்கமான கறுப்புக் கோடுகளால் ஆனது. என் டிவிடியில் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, வெயிலில் தார்ச்சாலைமேல் கானல் ஆடுவதுபோல மினுக்கிக்கொண்டே இருக்கும். குச்சி எதைச் சுட்டுகிறது என்பது தெரியும், சுட்டப்படுவது என்ன என்பதைச் சப்டைட்டிலைப் படித்துத்தான் அறிய வேண்டும். ப்ளூ-ரேயில் ஒவ்வொரு கோடும் தனித்தனியாக நிற்கிறது. கொப்பரையைச் சுற்றி நிற்கும் பெண்களின் முக்காட்டு மடிப்புகளை எண்ணலாம். பாடம் நடத்துகிறவர் கரும்பலகையில் எழுதுவது கடைசி வரிசை மாணவனுக்கும் தெரிவதுபோல, முதல் அத்தியாயம் முதன்முறையாக எனக்கு அலுப்புத் தட்டாமல் ஓடியது. இதுவரை நான் அதைத் தாண்டிவிட்டு இரண்டாம் அத்தியாயத்தின் சூனியக்காரி அடுக்களைக்குத்தான் நேராகப் போய்க்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த அடுக்களையையும் சொல்ல வேண்டும். 1488-ஆம் ஆண்டு என்று குறிக்கப்படும் அந்த நிலவறையில் தவளை, பாம்பு, எலும்பு என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் கொதிக்கின்றன. விறகுக் கட்டுக்குள் மறைத்து, தூக்குமரத்திலிருந்து எடுத்து வந்த திருடன் ஒருவனின் கையை அங்கே கொண்டுவருவார்கள். டிவிடியில் அது ஏதோ காய்ந்த கிளைபோல இருந்தது. ப்ளூ-ரேயில் அது கை என்பதில் சந்தேகமே வராது. பிணக்கையைப் பற்றி இவ்வளவு மகிழ்ச்சியோடு எழுதுவது சரிதானா என்று தோன்றுகிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

ஆனால் துல்லியத்தின் முழுப்பயனும் கிடைப்பது நெசவுக்காரி மரியாவின் முகத்தில்தான். நோய்வாய்ப்பட்ட அச்சுக்காரர் ஒருவரின் வீட்டுக்குப் பிச்சை கேட்டு வந்த கிழவி, அவருக்குச் சூனியம் வைத்தவள் என்று பிடிக்கப்பட்டு, சித்திரவதையில் அவர்கள் கேட்டதையெல்லாம் ஒப்புக்கொள்கிறாள். நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாத மாரென் பெடர்சன் என்ற மூதாட்டி அந்த வேடத்தில் இருக்கிறார். கேமரா அவர் முகத்தருகே போய் நின்றுவிடும். டிவிடியில் அந்த முகத்தின் சுருக்கங்கள் கலங்கிய நிழல்களாகத் தெரிந்தன. கண்ணீர் வந்ததா என்பது ஊகம். ப்ளூ-ரேயில், கண்ணீர் ஒரு சுருக்கத்தில் இறங்கி, அடுத்த சுருக்கத்தில் தேங்கி, பிறகு பக்கவாட்டில் வழிந்து போவது தெரிகிறது. பிலிமின் மணல் போன்ற துகள்களையும் துடைத்து மழுக்கிவிடாமல் விட்டிருக்கிறார்கள். பழைய படங்களைச் சுத்தம் செய்கிறேன் என்று முகங்களை மெழுகாக்கிவிடும் வேலையை நான் வேறு வட்டுகளில் பார்த்து நொந்திருக்கிறேன்; இங்கே அது நடக்கவில்லை.

நிறத்தைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. மௌனப் படக் காலத்தில் கறுப்பு வெள்ளைப் பிரதியைச் சாயத்தொட்டியில் முக்கி எடுப்பார்கள். இரவென்றால் நீலம், விளக்கொளியும் நெருப்பும் உள்ள அறையென்றால் சிவப்போ பழுப்போ. சாயம் பிலிமின் வெளிச்சமான பகுதிகளில்தான் தெரியும், கறுப்பு கறுப்பாகவே இருக்கும். எனவே சாயமேற்றிய படத்தின் மறுபதிப்பைச் சோதிக்க விரும்புகிறவர்கள் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டியதில்லை, நிழலைப் பார்த்தால் போதும். நீலக் காட்சியில் நிழலும் கருநீலமாக இருந்தால், யாரோ கணினியில் படத்தின் மேல் ஒரு கண்ணாடித்தாளைப் போர்த்தியிருக்கிறார்கள் என்று பொருள். ப்ளூ-ரே இந்தச் சோதனையில் நன்றாகத் தேறுகிறது. சூனியக்காரிகள் பறக்கும் இரவில் வானம் நீலமாக இருக்க, கூரைகள் கரிக்கட்டையாக நிற்கின்றன. 1968 வடிவத்தில் இந்தச் சாயம் எதுவும் கிடையாது. முழுக்கக் கறுப்பு வெள்ளை. பழைய படம் என்றால் கறுப்பு வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்த தலைமுறைக்காகச் செய்தது அது.

இனி அந்த 1968 வடிவத்துக்கு வருகிறேன். பிரிட்டனைச் சேர்ந்த திரைப்பட விநியோகஸ்தரும் இயக்குநருமான ஆன்டனி பால்ச் செய்த வேலை அது. காட்சிகளுக்கு நடுவே எழுத்தாக வரும் டைட்டில் கார்டுகளை எடுத்துவிட்டு, அவற்றின் இடத்தில் தம் நண்பரான அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் எஸ். பரோஸின் குரலில் ஒரு விளக்கவுரையை ஏற்றி, பின்னணியில் ஜாஸ் இசையைச் சேர்த்தார். வயலின் ஜான்-லுக் போன்டி, தாளவாத்தியம் டேனியல் ஹுமேர். நீளம் 76 நிமிடம். முன்பு போட்ட கணக்கை இங்கே நீட்டிப் பார்த்தால், 24 பிரேம் வேகத்தில் 87 நிமிடம் ஆகும் படத்திலிருந்து கார்டுகளை நீக்கினால் ஏறக்குறைய இந்த நீளத்தில் வந்து நிற்கும். ஆகவே 105-க்கும் 76-க்கும் உள்ள இடைவெளியில் பெரும்பகுதியை வேகமும் கார்டுகளும் தின்றிருக்கின்றன என்பது என் கணிப்பு.

பரோஸின் குரலை வெறுக்க முடியாது. மளிகைச் சிட்டை வாசிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாமல், மூக்கால், வறட்சியாகப் பேசுவார். பயங்கரங்களை அப்படிச் சொல்வதில் ஒரு குரூரமான நகைச்சுவை இருக்கிறது. இந்தப் படத்தை ஒரு புதிய தலைமுறைக்கு அறிமுகம் செய்ததில் இந்த வடிவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும், முழுப் படத்தைப் பார்த்துவிட்டு உடனே இதைப் போட்டபோது எனக்கு இழப்பாகவே தோன்றியது. காரணம், கிறிஸ்டென்சனின் டைட்டில் கார்டுகள் வெறும் வசனத் தாங்கிகள் அல்ல. அவர் அவற்றில் ‘நான்’ என்று பேசுகிறார். சித்திரவதைக் கருவிகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வரும்போது, கட்டைவிரலை நசுக்கும் திருகாணியைத் தன் நடிகைகளில் ஒருத்தி தானே போட்டுப் பார்ப்பேன் என்று பிடிவாதம் பிடித்ததாகவும், ஒரு நிமிடத்துக்குள் அந்தப் பெண் தன்னிடம் என்னென்ன ஒப்புக்கொண்டாள் என்பதைச் சொல்லப்போவதில்லை என்றும் ஒரு கார்டில் குறும்பாக எழுதுகிறார். வேறொரு கார்டில், மரியாவாக நடித்த மூதாட்டி படப்பிடிப்பின் இடைவேளையில் களைத்த முகத்தை நிமிர்த்தி, சாத்தான் உண்மையாகவே இருக்கிறான், தன் கட்டிலருகே அவன் உட்கார்ந்திருந்ததைத் தான் பார்த்திருப்பதாகச் சொன்னதைப் பதிவு செய்கிறார். விசாரணை செய்கிறவனும், செய்யப்படுகிறவளும், படம் எடுக்கிறவனும், நடிக்கிறவளும் ஒருவரோடொருவர் கலந்துபோகும் இந்த இடங்களில்தான் எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. வெளியிலிருந்து வேறொரு மனிதர் வந்து கதை சொல்லும்போது, சூனியத்தைப் பற்றி எனக்குப் பாடம் நடத்திய அந்த ஆள், தானே சாத்தான் வேடம் போட்டுக்கொண்ட அந்த ஆள், அறையை விட்டுப் போய்விடுகிறார்.

கார்டுகளை அப்படியே நம்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எண்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் சூனியக் குற்றத்துக்காக எரிக்கப்பட்டதாகப் படம் சொல்கிறது. அந்தக் காலத்தில் பரவலாக நம்பப்பட்ட எண் அது. இன்றைய வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீடு 40,000-க்கும் 60,000-க்கும் இடையில் இருக்கிறது. அதுவே போதுமான அளவு பயங்கரமான எண்தான்.

முழுப் படத்தின் கார்டுகளைக் கிரைட்டீரியன் சுவீடிய மொழியிலேயே விட்டு, ஆங்கிலத்தில் சப்டைட்டில் கொடுத்திருக்கிறது. மௌனப் படங்களைப் பிற நாடுகளுக்குக் கொண்டுபோகும்போது கார்டுகளையே அந்தந்த நாட்டு மொழியில் புதிதாக அச்சிட்டு ஒட்டிவிடும் வழக்கம் இருந்தது. வாசிப்பதற்கு அது எளிது, ஆனால் எழுத்தின் வடிவமும், அது திரையில் நிற்கும் நேரமும் மாறிவிடும். இந்த வட்டுகளில் கார்டு கிறிஸ்டென்சன் வைத்தபடி நிற்கிறது. சுவீடிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாத நான், மூன்றாம் முறை பார்க்கும்போது ‘ஹெக்சன்’ என்ற சொல்லைக் கார்டில் தேடிப் பிடிக்கத் தொடங்கிவிட்டேன்.

இசையில் இரண்டு வட்டுகளுக்கும் வேறுபாடு குறைவு, ஏனென்றால் இரண்டிலும் இருப்பது ஒரே ஒலிப்பதிவு. 1922 நவம்பர் 7 அன்று கோபன்ஹேகனில் படம் திரையிடப்பட்டபோது, ஷூபர்ட், குளுக், பேத்தோவன் முதலானோரின் படைப்புகளிலிருந்து எடுத்துக் கோத்த இசையை வாசித்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலை அடிப்படையாக வைத்து கில்லியன் ஆண்டர்சன் மீண்டும் அமைத்துக்கொடுக்க, செக் பிலிம் ஆர்கெஸ்ட்ரா 2001-இல் வாசித்தது. ப்ளூ-ரேயில் அது ஒலி இழப்பில்லாத வடிவில் இருப்பதால் வயலின்களின் மேல்வரிசை சற்றுத் திறந்து கேட்கிறது; சாதாரணத் தொலைக்காட்சி ஒலிபெருக்கியில் கேட்பவர்களுக்கு அந்த வேறுபாடு பிடிபடாது. எல்லாருக்கும் தெரிந்த ஷூபர்ட் மெட்டு ஒன்றின் மேல் கிழவியைக் கட்டிவைத்து விசாரிப்பது முதலில் பொருந்தாததுபோலத் தோன்றும். ஆனால் 1922-இல் அரங்கில் உட்கார்ந்திருந்தவர் கேட்டது ஏறக்குறைய இதைத்தான் என்ற நினைப்பு வந்தபின், அந்த அழகான இசை படத்தை இன்னும் கொடூரமாக்குகிறது. பிரிட்டனில் டார்டன் நிறுவனம் வெளியிட்ட டிவிடியில் ஜெஃப் ஸ்மித்தின் இசையும், பிரான்ட் இண்டஸ்ட்ரீஸ் கபிடால் என்ற பெயரில் வந்த மின்னணு இசையும் இருந்தன. இருட்டில் தனியாகப் பயந்து பார்க்க அப்படிப்பட்ட புதிய இசை பொருத்தம்தான். என் வாக்கு பழைய பட்டியலுக்கு.

கூடுதல் பகுதிகளில் புதிதாகக் கிடைப்பது அதிகமில்லை. டென்மார்க் மௌனப் பட ஆய்வாளர் காஸ்பர் டிப்யெர்க் 2001-இல் பேசிய ஆடியோ கமென்டரி ப்ளூ-ரேயிலும் அப்படியே வருகிறது. அது ஒன்றுக்காகவே இந்த வட்டை வாங்கலாம் என்பேன். 1941-இல் படம் மீண்டும் வெளியிடப்பட்டபோது கிறிஸ்டென்சன் திரையில் தோன்றிப் பேசிய முன்னுரையும் இரண்டிலும் உண்டு. நாக்கைச் சுழற்றிய சாத்தான் இருபது ஆண்டுகள் கழித்து, அறுபதைக் கடந்த ஒரு மரியாதைக்குரிய பெரியவராக வந்து சொந்தக் குரலில் பேசுவதைப் பார்க்கும்போது சிரிப்பும் வருகிறது, மனம் கனக்கவும் செய்கிறது. படத்தில் காட்டப்படும் நூல்களையும் ஓவியங்களையும் வரிசைப்படுத்திய படத்தொகுப்பும், பயன்படுத்தாமல் விட்ட சில துண்டுக் காட்சிகளும் உள்ளன.

அமெரிக்காவில் இந்தப் படத்துக்குக் காப்புரிமை காலாவதியாகி நெடுங்காலம் ஆகிவிட்டதால், யாரும் யாரிடமும் கேட்காமல் வெளியிடலாம். அதனால் இணையத்தில் கிடைக்கும் இலவசப் பிரதிகளுக்குக் கணக்கில்லை. அவற்றில் ஒன்றிரண்டைப் பார்த்தேன்: ஒன்றில் வேகம் தப்பியிருந்தது, மற்றொன்றில் படத்துக்குத் தொடர்பே இல்லாத பியானோ இசை சுழன்று சுழன்று வந்தது. படம் எப்படிப்பட்டது என்று அறிந்துகொள்ளப் பத்து நிமிடம் பார்க்கலாம். பிடித்துப்போனால் அங்கேயே நிறுத்திவிட்டு வட்டுக்கு வந்துவிடுங்கள்.

பழைய டிவிடி குறைந்த விலைக்குக் கிடைத்தால் வாங்குவதில் தவறில்லை. வேகம், கார்டு, இசை, கமென்டரி என்று அடிப்படை முடிவுகள் எல்லாம் அதிலும் சரியாகவே எடுக்கப்பட்டிருக்கின்றன, துல்லியம் ஒன்றுதான் குறை. பெரிய திரையில் பார்க்கிறவர்களுக்கு ப்ளூ-ரேயைத் தவிர வேறு எதையும் சொல்ல மாட்டேன், வாங்குமுன் பிளேயரின் மண்டலத்தை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 1968 வடிவத்தை முழுப் படத்தைப் பார்த்த பிறகு, வேறொரு நாளில் பாருங்கள். முதலில் பார்த்துவிட்டால் மரியாவின் முகத்தின் மேல் பரோஸின் குரல் ஒட்டிக்கொண்டு எளிதில் போகாது.

இரவல் பிளேயரை ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொடுப்பதற்கு முந்தைய இரவு ப்ளூ-ரேயில் முதல் அத்தியாயத்தை மட்டும் இன்னொரு முறை, குச்சி தொடும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இப்போது அந்த வட்டு அலமாரியில் இருக்கிறது. விற்றுவிடலாம் என்று எடுத்து வைத்திருந்த டிவிடி, வேறு வழியில்லாமல், மீண்டும் பிளேயருக்குள் போய்விட்டது.